காலித் தோட்டாவும் சிவப்புத் தொட்டியும்

அதிகாலையில் ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்று பார்த்தால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். ஒன்று வல்லம் வடகாலுக்கு, ஒன்று இருங்காட்டுக்கோட்டைக்கு, இன்னொன்று சுங்குவார்சத்திரத்துக்கு. ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே போகிறவர்களில் பலருக்கு, செய்து முடித்த பொருளைப் பார்ப்பதுதான் வேலை. ஒரு பாகத்தை எடுக்க வேண்டும், திருப்பிப் பார்க்க வேண்டும், கேஜில் போட்டுப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் அடுத்த டிரே. இல்லையென்றால் சிவப்புத் தொட்டி. ஷிப்ட் முடியும்வரை இதேதான்.

"பார்க்கிற வேலைதானே, இதில் என்ன கஷ்டம்?" என்று வீட்டில்கூடக் கேட்பார்கள். சூப்பர்வைசரும் கிட்டத்தட்ட அதையேதான் நினைப்பார். சிவப்புத் தொட்டி நிறைந்தால் அவருக்குக் கோபம் வரும். "இதெல்லாம் ஓகேப்பா, ஓட்டு" என்பார். "இன்னும் ஒரு தடவை ஓட்டிக்கலாம்" என்ற வார்த்தை பாகத்துக்கு மட்டுமல்ல, தேய்ந்த டை, நைந்த பெல்ட், பழைய பிரேக் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இந்த "இன்னும் ஒரு தடவை"யை ஒழுங்காக எடைபோடுகிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. இதற்கும் நம்மூர்த் தொழிற்சாலைகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அமெரிக்கா போன்ற நாடுகளில், சுட்டு முடித்த கைத்துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கியெடுத்து, சுத்தம் செய்து, மறுபடி நிரப்பிப் பயன்படுத்தும் பொழுதுபோக்குக்காரர்கள்தான் அவர்கள். ஒரே கூட்டை ஐந்து முறை, பத்து முறை, அதற்கு மேலும் பயன்படுத்துகிறார்கள். எப்போது தூக்கிப் போட வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்யும் விதத்தில் ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பகுதி கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

முதலில் சட்டம்

நம் நாட்டில் இதைச் செய்து பார்க்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 1959ம் வருட ஆயுதச் சட்டத்தின் 5வது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அந்தச் சட்டம் "வெடிபொருள்" என்பதற்குத் தரும் விளக்கத்தில் தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும்கூட அடங்கும். 2019ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தண்டனை ஏழு வருடத்தில் தொடங்கி ஆயுள் வரை போகிறது. போலீசிலும் ராணுவத்திலும் சுடும் பயிற்சி முடிந்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணிக் கணக்கு ஒப்படைக்கிறார்கள்.

விளையாட்டுத் துப்பாக்கி சுடுபவர்களுக்கும் பெரும்பாலும் இந்த வேலை இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பதக்கம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பித்தளைக் கூடே கிடையாது, காற்றழுத்தம்தான். 25 மீட்டரில் பயன்படும் .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அதை மறுபடி நிரப்புவது நடைமுறையில் ஆகாத காரியம். ஆகவே இது செய்முறை விளக்கம் இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் பரிசோதிக்கும் முறையை மட்டும்தான்.

கூடு செய்கிற வேலை

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் இருக்கின்றன. முன்னால் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் பிரைமர், இவை மூன்றையும் பிடித்து வைத்திருக்கும் பித்தளைக் கூடு. குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் தீர்ந்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும்.

கூட்டுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையைப் பயன்படுத்துகிறார்கள். உலோகவியல் புத்தகங்களில் இந்தக் கலவைக்குத் தோட்டாப் பித்தளை என்றே பெயர். தகட்டிலிருந்து ஒரு வட்டத்தை வெட்டி, அதைக் கிண்ணமாக அழுத்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி இழுத்துக் குழாயாக்குகிறார்கள். பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, டீப் டிராயிங்தான். ஒரு ஃபில்டர் கப் எப்படி இழுக்கப்படுகிறதோ அப்படியேதான் இதுவும்.

சுடும்போது நடப்பது என்ன? மருந்து எரிந்து வாயுவாகிறது. 9 மி.மீ. தோட்டாவில் அந்த வாயுவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை போகலாம் என்பது அமெரிக்கத் தரநிலை. கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம் பவுண்டு. டயரில் இருப்பதைப் போல ஆயிரம் மடங்கு அழுத்தம், ஒரு விரல் நுனி அளவுள்ள பித்தளைக்குள்! அந்த ஒரு கணத்தில் கூடு விரிந்து துப்பாக்கிக் குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் வாயு பின்பக்கம் வராமல் குண்டை மட்டும் முன்னால் தள்ளுகிறது. அழுத்தம் குறைந்ததும் கூடு கொஞ்சம் சுருங்கி வெளியே வந்து விழுகிறது. சுடுகிறவரின் முகத்துக்கும் கைக்கும் நெருப்புக்கும் நடுவில் இருப்பது அந்தப் பித்தளைச் சுவர்தான்.

தேய்மானம் எங்கே ஒளிந்திருக்கிறது

கட்டிட வேலையில் கம்பி கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டுக்கம்பியைத் துண்டாக்க கத்திரி தேட மாட்டார்கள். ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் நாலைந்து தடவை மடக்குவார்கள், ஒடிந்துவிடும். முதல் மடக்கலில் கம்பிக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியாது. மூன்றாவதிலும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு மடக்கலும் உள்ளே கணக்கு எழுதிக்கொண்டே இருக்கிறது.

பித்தளைக் கூடும் அப்படித்தான். ஒவ்வொரு முறை சுடும்போதும் விரிகிறது. மறுபடி நிரப்புவதற்கு முன்னால் ஒரு எஃகு டைக்குள் தள்ளிப் பழைய அளவுக்குச் சுருக்குகிறார்கள். குண்டை வைப்பதற்காக வாயைக் கொஞ்சம் அகட்டுகிறார்கள், வைத்தபின் இறுக்குகிறார்கள். விரி, சுருக்கு, அகட்டு, இறுக்கு. ஒவ்வொரு சுற்றிலும் பித்தளை கொஞ்சம் கடினமாகிறது, கடினமாக ஆக நொறுங்கும் குணமும் கூடுகிறது. அதிகம் வேலை வாங்கப்பட்ட வாய்ப்பகுதியில்தான் பெரும்பாலும் முதலில் விரிசல் விழும்.

கடைசி முறைக்கு முந்தைய முறையும் கூடு நன்றாகத்தான் வேலை செய்தது. "போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு" என்பது ஒரு சாட்சியே இல்லை. இந்தத் தடவைத் தாங்கியது, அடுத்த தடவைத் தாங்குமா என்பதுதான் பரிசோதனையின் கேள்வி. இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பது புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

தட்டிப் பார்ப்பது

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டி என்ன செய்வார்? விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். நல்ல பானை கணீர் என்னும். கீறல் விழுந்த பானை "தொப்" என்று சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது கண்டுபிடித்துவிடும்.

பித்தளைக் கூட்டுக்காரர்களும் இதையே செய்கிறார்கள்! கையில் ஒரு பிடி காலிக் கூடுகளை எடுத்துக் குலுக்கினால் நல்லவை மணி போல ஒலிக்கும். அதில் ஒன்று விரிசல் விட்டிருந்தாலும் ஒரு கரகரப்பு கேட்கும். உடனே அந்தப் பிடியைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள்.

அதன் பிறகு கண். வாயில் நெடுக்காக மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். வாயில் விழும் சின்ன விரிசல் பெரும்பாலும் தொந்தரவோடு போய்விடும். குண்டைச் சரியாகப் பிடிக்காது, அவ்வளவுதான். அடிப்பக்கம் விழும் விரிசல் வேறு சமாசாரம். அங்கே கிழிந்தால் வாயு நேராகத் துப்பாக்கியின் உடலுக்குள் இறங்கும். பிடித்திருக்கும் கைதான் அடுத்தது.

அடுத்து பிரைமர் உட்காரும் குழி. புதுப் பிரைமரைத் தள்ளும்போது ஒரு எதிர்ப்பு தெரிய வேண்டும். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்தக் குழி அகன்றுவிட்டது என்று அர்த்தம். பிரைமரைச் சுற்றிக் கரி வளையம் இருந்தால் ஏற்கெனவே வாயு கசிந்திருக்கிறது. இரண்டுக்குமே மருத்துவம் கிடையாது, ஸ்கிராப்தான்.

குண்டு வைத்த பிறகும் ஒரு சோதனை உண்டு. கட்டை விரலால் குண்டை அழுத்திப் பார்ப்பார்கள். உள்ளே நகர்ந்தால் கூட்டின் பிடி போய்விட்டது. 9 மி.மீ. கூடு சின்னது. குண்டு சற்றே உள்ளே போனாலும் மருந்து இருக்கும் இடம் சுருங்கி அழுத்தம் கணிசமாக ஏறிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் எல்லாமே குறையும் இல்லை. டைக்குள் போய் வந்த கூட்டின் அடிப்பக்கத்தில் பளபளப்பாக ஒரு வளையம் தெரியும். டை எதுவரை இறங்கியது என்பதற்கான அடையாளம் அது. புதிதாக வந்தவர்கள் இதை விரிசல் என்று நினைத்து நல்ல கூட்டையெல்லாம் தூக்கிப் போடுவார்கள். அனுபவம் என்பது எதை ஒதுக்கக் கூடாது என்பதும் தெரிந்திருப்பதுதான்.

குற்றவாளி யார்?

ஒரு கூடு கெட்டால் அது கூட்டின் குறை. பத்து கூடும் ஒரே மாதிரி கெட்டால்? அங்கேதான் பரிசோதனை முடிந்து துப்பறியும் வேலை ஆரம்பிக்கிறது.

நூறு கூடுகளில் எங்கோ ஒன்றிரண்டு வாய் பிளந்திருந்தால் அவற்றுக்கு வயதாகிவிட்டது. எல்லாமே சேர்ந்து பிளக்கிறது என்றால் வாயை அதிகமாக அகட்டுகிறார்கள், டையைத் திருத்த வேண்டும். எல்லாக் கூட்டிலும் நெடுக்காகக் கீறல் விழுந்தால் டைக்குள் ஏதோ மணல் துகள் ஒட்டியிருக்கிறது. எல்லாமே ஒரே பக்கம் அடியில் புடைத்திருந்தால், அந்த இடத்தில் துப்பாக்கிக் குழல் கூட்டைத் தாங்கவில்லை, அல்லது மருந்து அதிகம். ஒரே முத்திரையுள்ள கூடுகள் மட்டும் கெட்டால் அந்த லாட்டே சரியில்லை.

முத்திரை என்பது கூட்டின் அடியில் அடித்திருக்கும் எழுத்து. இந்தியாவில் செய்த தோட்டாவில் கே.எஃப். என்றிருந்தால் அது புனேயில் 1869 முதல் இருக்கும் கட்கி தொழிற்சாலை. ஓ.எஃப்.வி. என்றால் மகாராஷ்டிரத்தின் வரண்காவ். பழைய அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது இவை இரண்டும், நீலகிரியில் வெடிமருந்து செய்யும் அருவங்காடு தொழிற்சாலையும் மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் வந்தன. எங்கே, எப்போது செய்தது என்று தெரிந்தால்தான் கெட்ட லாட்டை மட்டும் பிரித்தெடுக்க முடியும். அதனால் அமெரிக்கப் பொழுதுபோக்குக்காரர்களும் ஒரே லாட்டை ஒரே டப்பாவில் போட்டு, எத்தனை முறை சுட்டது என்று டப்பாவின் மேல் எழுதி வைக்கச் சொல்கிறார்கள். ஞாபகத்தை நம்பாதே, எழுது. அவ்வளவுதான் சூத்திரம்.

ஒரகடத்தில் இருக்கும் குவாலிட்டிக்காரருக்கு இதெல்லாம் பழகிய பாஷைதான். டிரேசபிலிட்டி, ரூட் காஸ், ஐந்து முறை ஏன் என்று கேட்பது எல்லாம் சுவரில் சார்ட்டாகத் தொங்கும். பாகத்துக்கு இதையெல்லாம் செய்கிறார்கள், ஏனென்றால் பாகம் கஸ்டமருக்குப் போகிறது. அந்தப் பாகத்தைச் செய்யும் இயந்திரத்துக்கும், அதன் முன்னால் நிற்கிற ஆளைக் காப்பாற்றும் சாதனத்துக்கும் இதே கவனம் இருக்கிறதா?

மழைக்காலத்தில் வெடித்த தோட்டாக்கள்

இந்த இடத்தில் நம் நாட்டு வரலாற்றிலிருந்தே ஒரு சம்பவம். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலம் வந்தால் ஒரு விசித்திரம் நடந்தது. யாரும் சுடாமல் சும்மா அடுக்கி வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், குண்டைப் பிடித்திருக்கும் வாய்ப்பக்கத்தில் தானாக விரிசல் விட்டிருந்தன. பருவகாலத்தோடு சேர்ந்து வந்ததால் ஆங்கிலத்தில் சீசன் கிராக்கிங் என்றே பெயர் வந்துவிட்டது. கிட்டத்தட்ட மழைக்கால விரிசல்.

காரணம் வெகுநாள் தெரியவில்லை. 1921ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் ஆராய்ந்து விளக்கினார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து பித்தளையைத் தாக்கியது. அம்மோனியா மட்டும் போதாது. கூட்டை இழுத்து நெரித்துச் செய்யும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்ததால்தான் விரிசல். தொழிற்சாலையிலேயே மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்தி அனுப்பினால் பிரச்சினை வெகுவாகக் குறைந்துவிடும்.

இன்றுகூட அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டுத் தோட்டாக் கூட்டைத் தேய்க்காதே என்று எச்சரிப்பது இதனால்தான். நம் வீட்டு முறைப்படி புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். ஆனால் புளிப்பில் ரொம்ப நேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து மேலே இளஞ்சிவப்பாகச் செம்பு தெரிய ஆரம்பிக்கும். பளபளப்பு வேறு, பலம் வேறு.

ஒரு சிப்பாய் "தோட்டா தானாக வெடிச்சிருக்கு" என்று முதலில் சொன்னபோது அவரைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். "நீ கீழே போட்டிருப்பே" என்றிருப்பார்கள். குறை கூட்டிலும் இல்லை, சிப்பாயிடமும் இல்லை. செய்த முறையிலும் வைத்த இடத்திலும் இருந்தது. விபத்து நடந்தால் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று ஒரு வரியில் ஃபைலை மூடும் பழக்கம் இருக்கிற எந்த ஊருக்கும் இந்தக் கதை பொருந்தும்.

பிரேக் தேய்ந்தால்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய பெயர்களுக்குக் குறைவில்லை. 1998ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை, 2012ல் டெய்ம்லர் லாரி ஆலை, 2013ல் ராயல் என்ஃபீல்டு. கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் மத்திய அரசின் ஆய்வு மையமும் ஒரகடத்திலேயே இருக்கிறது. பொருளைச் சோதிப்பதில் இந்த ஊர் யாருக்கும் சளைத்ததில்லை.

ஆனால் இந்தப் பெரிய ஆலைகளுக்குப் பின்னால் சப்ளை செய்யும் சின்னச் சின்ன பிரஸ் ஷாப்புகள் எத்தனையோ. அங்கே இருக்கிற ஒரு பவர் பிரஸ்ஸை எடுத்துக்கொள்வோம். முன்னால் லைட் கர்ட்டன் இருக்கிறது. கை உள்ளே போனால் ஒளிக்கற்றை தடைபடும், பிரஸ் நிற்கும். பச்சை விளக்கு எரிகிறது, பாதுகாப்பாக இருக்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

லைட் கர்ட்டனை எவ்வளவு தூரத்தில் பொருத்துவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மனிதக் கை நொடிக்கு 1600 முதல் 2000 மி.மீ. வேகத்தில் உள்ளே போகும் என்று ஐ.எஸ்.ஓ. 13855 தரநிலை எடுத்துக்கொள்கிறது. அந்த வேகத்தைப் பிரஸ் நிற்க ஆகும் நேரத்தால் பெருக்கி, அதோடு கொஞ்சம் கூட்டினால் பாதுகாப்புத் தூரம் கிடைக்கும். சரி, பிரேக் தேய்ந்து போனால்? நிற்கும் நேரம் பத்தில் ஒரு நொடி கூடினால்கூட, கை அதற்குள் 16 முதல் 20 செ.மீ. கூடுதலாக உள்ளே போய்விடும். லைட் கர்ட்டன் அப்படியே இருக்கிறது. பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால் தூரம் பொய்யாகிவிட்டது. போன தடவைத் தாங்கிய பித்தளைக் கூடு மாதிரிதான் இதுவும்.

இது கற்பனை பயம் இல்லை. குருகிராம்-மானேசர் பகுதியில் ஆட்டோமொபைல் சப்ளை தொழிற்சாலைகளில் விரல்களை இழந்தவர்களைப் பற்றி சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. ஆயிரக்கணக்கான காயங்கள். அதிகம் பேரின் விரலை வாங்கியது பவர் பிரஸ். காயம்பட்டவர்களில் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். இங்கும் அதே தொழில், அதே மாதிரி பிரஸ், அதே மாதிரி காண்ட்ராக்ட்.

யாருடைய கை?

தோட்டாக் கூட்டைப் பரிசோதிக்கிற அமெரிக்கர் ஏன் இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார்? அவர் நம்மைவிடப் புத்திசாலியும் இல்லை, ஒழுக்கசீலரும் இல்லை. காசு மிச்சம் பிடிக்கத்தான் அந்த வேலையிலேயே இறங்குகிறார். அப்படிப்பட்டவரே சந்தேகம் வந்த கூட்டை யோசிக்காமல் நசுக்கி ஸ்கிராப்பில் போடுகிறார். காரணம் ஒன்றுதான். அதை வைத்துச் சுடப்போவது அவரே. பரிசோதிப்பவரும் அவர், ஒதுக்குபவரும் அவர், ஆபத்தில் இருக்கும் கையும் அவருடையது.

தொழிற்சாலையில் இந்த மூன்றும் மூன்று பேரிடம் பிரிந்து கிடக்கிறது. பார்க்கிறவர் ஒருவர். ஒதுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர் வேறொருவர், அவர் கண் டார்கெட் மேல் இருக்கிறது. கை மூன்றாமவருடையது, பெரும்பாலும் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளியுடையது. ஒரு ஒடிசா பையனோ, விழுப்புரத்துப் பையனோ, "அண்ணே, பிரஸ் கொஞ்சம் லேட்டா நிக்குது" என்று சொன்னால், "நேத்து ஓடுச்சுல்ல?" என்ற பதில்தான் வரும். திரும்பவும் சொன்னால் அடுத்த வாரம் அவனுக்கு வேலை இருக்குமா என்பது நிச்சயமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1948ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29வது பிரிவு தூக்கும் இயந்திரம், சங்கிலி, கயிறு ஆகியவற்றைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியான ஆள் பரிசோதிக்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ம் வருடத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று தொழிலாளி நியாயமாக நினைத்தால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம் என்று அது சொல்கிறது. நல்லதுதான். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்பது காலண்டரைப் பார்க்கிறது. உலோகம் காலண்டரைப் பார்ப்பதில்லை, எத்தனை அடி வாங்கினோம் என்றுதான் பார்க்கிறது. தெரிவிக்கும் உரிமையும், நிறுத்தும் அதிகாரமும் ஒன்றில்லை.

எதிர்வாதங்கள்

"இப்படி ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினால் உற்பத்தி என்ன ஆகும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். சின்ன பிரஸ் ஷாப் முதலாளிக்கும் மேலே இருந்து விலையைக் குறை, குறை என்ற அழுத்தம் இருக்கிறது. ஒரு புது டைக்கு ஆகும் செலவு அவரைத் தூங்கவிடாது. ஆனால் பித்தளைக் கூட்டுக்காரருக்கும் அதே கணக்குதான். ஒரு கூட்டை மிச்சம் பிடிக்கத் துப்பாக்கியையும் விரலையும் பந்தயம் வைப்பது லாபமா என்று அவர் கேட்டுக்கொள்கிறார். தன் விரல் என்பதால் கணக்கு சரியாக வருகிறது. அடுத்தவர் விரல் என்றால் அதே கணக்கு ஏன் தப்பாக வருகிறது?

"நம்ம ஆளு இருபது வருஷ அனுபவம், சத்தத்தை வச்சே சொல்லிடுவார்" என்றும் சொல்வார்கள். சத்தத்தை வைத்துச் சொல்ல முடியும், பானை விஷயத்தில் பார்த்தோமே. ஆனால் அந்த அனுபவசாலி சொன்னபின் கேட்கிறார்களா என்பதுதான் பிரச்சினை. சத்தம் கேட்டவுடன் பிரஸ்ஸை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லையென்றால் அந்தக் காதால் யாருக்கு என்ன பயன்?

"பழையதைத் திருப்பிப் பயன்படுத்துவது நம் பண்பாடு, எல்லாவற்றையும் தூக்கிப் போட முடியுமா?" என்பது மூன்றாவது. தூக்கிப் போடச் சொல்லவே இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிப் பூசித் தலைமுறைகளாகப் பயன்படுத்திய ஊர் இது. அதிலும் ஒரு விதி இருந்தது. ஈயம் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க மாட்டார்கள். மறுபடி பயன்படுத்துவது சிக்கனம். எத்தனை முறை என்று எண்ணாமல் பயன்படுத்துவது சூதாட்டம்.

செய்ய வேண்டியது

பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு டைக்கும் எத்தனை அடி அடித்தது என்று கவுண்டர் வைத்து எழுத வேண்டும். பிரஸ் நிற்கும் நேரத்தை மாதம் ஒருமுறையாவது கருவி வைத்து அளந்து பிரஸ்ஸின் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும், போன மாதத்து எண்ணையும் பக்கத்தில் விட்டுவைத்து. தூக்கும் பெல்ட்டில் எவ்வளவு எடை என்ற லேபிள் கிழிந்துபோயிருந்தால் அந்த பெல்ட்டை அன்றே வெட்டிப் போட வேண்டும். வெட்டாமல் ஓரமாக வைத்தால் நைட் ஷிப்டில் யாராவது எடுத்துக்கொள்வார்கள். பித்தளைக் கூட்டுக்காரர்கள் கெட்ட கூட்டை நசுக்கிவிட்டுப் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்னொன்று. ரிப்பேர் செய்த பிரஸ்ஸை மறுபடி ஓட்டலாம் என்ற தாளில் அதன் முன்னால் உட்காரப்போகிற ஆபரேட்டரின் கையெழுத்து இருக்க வேண்டும். அவர் போடவில்லை என்றால் பிரஸ் ஓடக்கூடாது. போடாததற்காக அவருக்கு மெமோவும் வரக்கூடாது, காண்ட்ராக்டும் போகக்கூடாது. கை யாருடையதோ, ஒதுக்கும் அதிகாரம் அவருக்கு. இதைப் பெரிய கார் கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களிடம் ஒரு நிபந்தனையாகவே கேட்கலாம். பாகத்தில் ஒரு பிசிறு இருந்தாலே லாட்டைத் திருப்பி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியமா என்ன?

நாளைக் காலையும் அந்த பஸ்கள் ஒரகடம் கூட்டு ரோட்டைக் கடந்து போகும். கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்களில் ஒருவர் இன்று எதையோ எடுத்துப் பார்த்து, சந்தேகப்பட்டு, சிவப்புத் தொட்டியில் போடுவார். அவரைத் திட்டுவதற்கு முன்னால் சூப்பர்வைசர் ஒரு நிமிடம் யோசிக்கட்டும்: அடுத்த தடவை அதை வைத்து வேலை செய்யப்போவது தன் கை என்றால், எந்தத் தொட்டியில் போடுவார்?